பெயிண்ட் அடித்த பேட்டர்னில் பைபர் மோல்டு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைபர் மோல்டு எடுக்கக் கற்றுக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பைக் ஃபேரிங், மீன்பிடிப் படகின் எஞ்சின் மூடி, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காகக் கல்லூரி மாணவர்கள் செய்யும் காரின் முன்பகுதி என்று செய்கிற பொருள் எதுவாகவும் இருக்கலாம். சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது, அதாவது பேட்டர்னின் மேலே இருக்கும் பெயிண்டில். பார்க்க அவ்வளவு பளபளப்பாக இருக்கும், ஜெல்கோட் (மோல்டின் முகமாக முதலில் பூசும் ரெசின்) பட்ட அரை மணி நேரத்தில் சுருங்கிக் கிடக்கும். பளபளப்பைப் பார்த்துப் பேட்டர்ன் தயாராகிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. அந்தப் பெயிண்ட் உள்வரை இறுகியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பாலியஸ்டர் அல்லது வினைல் எஸ்டர் ஜெல்கோட்டில் எடுக்கும் மோல்டை மனதில் வைத்து எழுதியவை. எபாக்சிக்கு மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பேட்டர்ன், பிளக், மோல்டு: எது எது?

கடைசியில் வர வேண்டிய பொருளின் வடிவத்திலேயே முதலில் ஒன்றைச் செய்கிறோமே, அதுதான் பேட்டர்ன். பிளக் என்றாலும் அதேதான். அதன்மேல் ஜெல்கோட்டும், ரெசினில் நனைத்த பைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு எடுக்கும் எதிர்வடிவம் மோல்டு. அந்த மோல்டுக்குள்ளிருந்துதான் பொருள்கள் வெளியே வரும். பேட்டர்னில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் மோல்டுக்குப் போகும், மோல்டிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் போகும்.

எந்தப் பெயிண்ட் அடிக்கலாம்?

ஜெல்கோட்டுக்குள் ஸ்டைரீன் இருக்கிறது. ரெசினை இளக்கி வைப்பதும் அதுதான், இறுகும்போது ரெசினோடு சேர்ந்து கெட்டியாவதும் அதுதான். ஆனால் ஜெல் ஆகும் வரைக்கும் அது ஒரு நல்ல தின்னர் மாதிரியே வேலை செய்யும். தின்னரில் கரையும் எந்தப் பெயிண்டும் ஸ்டைரீனிலும் இளகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் ஹார்டனர் கலக்காத பெயிண்டுகள் எல்லாம் தள்ளுபடி. டூகோ என்று கடையில் கேட்டு வாங்கும் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்ட், கேனில் வரும் ஸ்ப்ரே பெயிண்ட், கதவு ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் மூன்றுமே ஆபத்து. என்.சி.யும் சாதாரண ஸ்ப்ரே பெயிண்டும் கரைப்பான் ஆவியானதால் மட்டுமே காய்ந்தவை. கரைப்பான் மறுபடி பட்டால் மறுபடி இளகும். எனாமல் காற்றோடு வினைபுரிந்து இறுகுவது என்றாலும், ஸ்டைரீன் பட்டால் வீங்கித் தோல் மாதிரி எழும்பும்.

நம்பி அடிக்கக்கூடியவை இரண்டு. ஒன்று 2கே பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் கார் பெயிண்ட். இறுகியபின் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் ஸ்டைரீன் எளிதில் உள்ளே புக முடியாது. இன்னொன்று ஸ்ப்ரே பண்ணக்கூடிய பாலியஸ்டர் சர்ஃபேசர், அதாவது கனமாக ஏறும் பிரைமர் மாதிரியான பூச்சு. இதுவும் ஜெல்கோட் மாதிரியே கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கலந்து இறுகுவது. அதனால் ஒழுங்காக இறுகிவிட்டால் ஸ்டைரீனைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அடித்த மறுநாளே தேய்க்கவும் வரும். கிடைத்தால் இதையே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. ஊர்ப்பக்கக் கடைகளில் இது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் பெரும்பாலானவர்கள் 2கே பெயிண்டுக்கே போகிறார்கள். அதிலும் நல்ல மோல்டு எடுக்கலாம், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

எபாக்சி ரெசினில் மோல்டு எடுப்பதாக இருந்தால் ஸ்டைரீன் தொல்லை இல்லை. ஆனால் எபாக்சி பாலியஸ்டரைவிட இறுக்கமாக ஒட்டும் குணம் உள்ளது. அங்கே வேக்ஸ் (ஒட்டாமல் இருக்கத் தடவும் மெழுகு) வேலையில் கவனம் இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பொருள் கையில் இருக்கிறது. அது 2கேதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணில் படாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து அரை நிமிடம் நன்றாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் அது மோல்டுக்கு ஆகாத பெயிண்ட். மெட்டாலிக் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் இருந்தால் நிறம் உடனே வராது. அதனால் தேய்த்த இடத்தை நகத்தால் அழுத்தியும் பாருங்கள். நகத்தடம் பதிந்தால் அதுவும் ஆகாது.

கார் கம்பெனியில் சூட்டில் இறுக்கிய பெயிண்ட் பொதுவாக நன்றாகத் தாங்கும். அதே காரில் ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் பார்த்து மறுபடி அடித்த இடம்தான் கவிழ்க்கும். பழைய பம்பரிலிருந்து மோல்டு எடுக்கிறவர்கள் ஒரு இடத்தில் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது. நான்கு மூலையிலும் நடுவிலும் பாருங்கள்.

2கே பெயிண்ட் அடித்து எத்தனை நாள் விட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அன்று மாலையே பெயிண்ட் கையில் ஒட்டாது. மறுநாள் தேய்க்கவும் பாலிஷ் போடவும் முடியும். அது இறுகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. காய்ச்சிய பாலில் ஆடை படிவது போல மேல்பகுதி முதலில் கெட்டியாகிறது, அடியில் தின்னர் மாட்டிக்கொள்கிறது. அது மெதுவாக வெளியேற வேண்டும், ஹார்டனரின் வினையும் முடிய வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். கனமாக அடித்திருந்தால் இரண்டு வாரம். பெயிண்ட் பூத் வசதி இருந்தால் 60 டிகிரியில் அரை மணி நேரம் பேக் செய்யலாம். அப்படிச் செய்தாலும் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? ஜெல்கோட்டும் அதன் மேல் போடும் மேட்டும் இறுகும்போது சூடு கிளம்பும். அந்தச் சூட்டில் பெயிண்டுக்குள் மிச்சமிருக்கும் தின்னர் ஆவியாகி மேலே வரப் பார்க்கும். மேலே மோல்டு மூடியிருப்பதால் வெளியே போக வழியில்லை. சின்னச் சின்னக் கொப்புளமாக மோல்டின் முகத்தில் பதிந்துவிடும். ஸ்டைரீனும் சேர்ந்துகொண்டால் பெயிண்ட் சுருங்கும், சில இடங்களில் பெயிண்டோடு பிய்த்துக்கொண்டு வரும். ஒரு வாரக் காத்திருப்பை மிச்சப்படுத்தப் போய் ஒரு மாத வேலையை இழப்பவர்கள் நிறைய. பேட்டர்ன் வேலைக்கு நாள் குறிக்கும்போதே இந்த ஒரு வாரத்தைக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

ஹார்டனர் அளவில் கைக்கணக்கு வேண்டாம். கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று சில பெயிண்டர்கள் சொல்வார்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைத் தாண்டினாலும் குறைத்தாலும் இரண்டு பக்கமும் நஷ்டம்தான்.

சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைக்கலாமா?

முதல் நாளில் வேண்டாம். மேல்பகுதி அதிவேகமாக மூடிக்கொண்டு தின்னரை அடியில் அடைத்துவிடும். இரண்டு மூன்று நாள் கழித்து இளம் வெயிலில் கொஞ்ச நேரம் வைப்பதில் தவறில்லை. ஆனால் பேட்டர்ன் செய்யும் எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை), பட்டி, ஃபோம் ஒவ்வொன்றும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரியும். கறுப்புப் பெயிண்ட் அடித்த பேட்டர்னை ஏப்ரல் மே வெயிலில் விட்டால் பட்டி போட்ட இடங்களின் ஓரம் கோடு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். மூடிய அறையில் ஹாலோஜன் விளக்கைத் தள்ளி வைத்து மிதமாகச் சூடேற்றுவது இதைவிட நல்ல வழி.

அடியில் இருக்கும் பொருள் முக்கியமா? மேலே பெயிண்ட்தானே இருக்கிறது?

முக்கியம்தான். பெயிண்டில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஸ்டைரீன் அடிவரை போகும்.

தெர்மாகோல் என்பதே பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் பட்டால் கரைந்து குழியாகிவிடும். பாலியஸ்டர் பட்டியை அதன்மேல் நேரடியாக வைத்தாலே உருகும். தெர்மாகோலில்தான் செய்வேன் என்றால் முதலில் எபாக்சியும் மெல்லிய பைபர் துணியும் போட்டு மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. பி.யூ. ஃபோம் இந்தத் தொல்லை தராது.

எம்.டி.எஃப். நல்ல பொருள், ஆனால் அதன் அறுத்த விளிம்பு எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும். தட்டையான முகத்துக்கு இரண்டு கோட் சீலர் (துளைகளை அடைக்கும் பூச்சு) போதுமென்றால் விளிம்புக்கு நான்கு ஐந்து கோட் வேண்டும். மழைக்காலத்தில் சீல் செய்யாத எம்.டி.எஃப். ஈரம் இழுத்து ஊதும், அதன்பின் பெயிண்டில் விளிம்போரம் வீக்கம் தெரியும்.

3டி பிரிண்டில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் பயன்படுத்தினால் அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள். மோல்டு சூடானால் உருவம் கோணும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை ஸ்டைரீனே தாக்கும். இரண்டுக்கும் மேலே எபாக்சி கோட் கொடுத்துவிட்டு, மேட்டைப் பல நாளாகப் பிரித்து மெதுவாகப் போட வேண்டும்.

பட்டி எது போடலாம்?

ஹார்டனர் பேஸ்ட் கலக்கும் பாலியஸ்டர் பட்டி மட்டும். டியூபில் வரும் என்.சி. பட்டி வேண்டவே வேண்டாம். அது பல நாள் கழித்தும் உள்வாங்கிக்கொண்டே இருக்கும், ஸ்டைரீனிலும் இளகும். கடைசி நேரத்தில் ஒரு சின்ன ஓட்டையை அடைக்க பெயிண்டர் கையில் அதைத்தான் எடுப்பார், பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டியை அப்படியே வெளியே தெரிய விட்டு வேக்ஸ் போடுவதும் கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், ஜெல்கோட் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளும். பட்டிக்கு மேலே பிரைமர் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும்.

மேடு பள்ளம் இல்லை என்று எப்படி உறுதிசெய்வது?

கையால் தடவிப் பார்ப்பது ஓரளவுக்கு உதவும், முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிரைமர் காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்தில் இருந்து தூவலாக அடியுங்கள். பொட்டுப் பொட்டாக விழுந்தால் போதும், மூடத் தேவையில்லை. இப்போது நீளமான கட்டையில் 320 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். மேடான இடத்தில் கறுப்பு முதலில் போகும், பள்ளத்தில் தங்கும். எல்லாக் கறுப்பும் ஒரே நேரத்தில் மறைந்தால் முகம் சமமாக இருக்கிறது. ஒரு இடத்தில் காசு அளவுக்குக் கறுப்பு நின்றுவிட்டால் அதை விரலால் தேய்த்து எடுக்காதீர்கள். விரல் வைத்துத் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். பிரைமர் ஏற்றிவிட்டு மறுபடி கட்டையால்தான் தேய்க்க வேண்டும். இந்தக் கறுப்பு கேன் பெயிண்ட் என்பதால் வேலை முடிந்ததும் ஒரு துளிகூட மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

பளபளப்பு வந்தபின் வேறு சோதனை. அறையில் ஒரே ஒரு டியூப்லைட்டை மட்டும் போட்டு, அதன் பிரதிபலிப்பு பேட்டர்ன்மேல் விழும்படி நின்றுகொள்ளுங்கள். அப்படியே மெதுவாகப் பக்கவாட்டில் நடந்தால் அந்த வெள்ளைக் கோடு உங்களோடு நகரும். வளைவான முகத்தில் கோடும் சீராக வளைய வேண்டும். ஓரிடத்தில் கோடு நெளிந்தாலோ திடீரென்று தடித்தாலோ அங்கே அலை இருக்கிறது. மோல்டில் வந்த பொருளுக்குப் பெயிண்ட் அடித்தபின் வாடிக்கையாளர் கண்ணில் முதலில் படப்போவது அந்த நெளிவுதான்.

எந்த நம்பர் வரைக்கும் தேய்க்க வேண்டும்?

பிரைமரில் 180, 240, 320, 400. பெயிண்ட் அடித்து இறுகியபின் 800, 1000, 1200, 1500, வேண்டுமானால் 2000. நடுவில் ஒரு நம்பரைத் தாண்டினால் அந்தக் கீறலை அடுத்தது அழிக்காது. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று பளிச்சென்று தெரியும். நம்பர் மாறும்போது பேட்டர்ன், கட்டை, வாளித் தண்ணீர் மூன்றையும் மாற்றிச் சுத்தம் செய்யுங்கள். 400 நம்பரின் ஒரு துகள் 1500-இன் தண்ணீரில் மிதந்தால் போதும், அன்றைய வேலை பாழ்.

கடைசி நம்பரை மோல்டு பிரிந்து வரும் திசையிலேயே தேயுங்கள். உள்ளே ஆழமாகப் போகும் பக்கச் சுவர்களில் இது நன்றாக உதவும்.

எல்லாப் பேட்டர்னுக்கும் கண்ணாடிப் பளபளப்பு தேவையா? என் பதில், இல்லை. வெளியே வரும் பொருளுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் 1000 நம்பரோடு நிறுத்தி லேசாகக் கம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் பசை) போட்டாலே தாராளம். ஜெல்கோட் நிறமே வெளியே தெரியும் பொருள், கிளியர் ஜெல்கோட்டுக்கு அடியில் கார்பன் பைபர் தெரியும் பொருள் என்றால்தான் கடைசி வரை போக வேண்டும்.

பெயிண்டில் தூசி உட்கார்ந்துவிட்டது, இன்னொரு இடத்தில் ஊசி ஓட்டை. எதை முதலில் கவனிப்பது?

தூசியை. பேட்டர்னில் மேடாக இருக்கும் தூசி மோல்டில் குழியாக வரும். மோல்டில் குழியை அடைப்பது கஷ்டமான வேலை, அடைத்த இடம் நிறம் மாறித் தெரியும். பேட்டர்னில் இருக்கும் ஊசி ஓட்டை மோல்டில் ஒரு சின்ன முள்ளாகத்தான் நிற்கும், அதைத் தேய்த்து எடுத்துவிடலாம். இரண்டையும் சரிசெய்வதே முறை. நேரமே இல்லை என்றால் மேடு எதையும் விட்டுவைக்காதீர்கள். ஆனால் ஓட்டை அடிவரை போய் மரமோ பட்டியோ தெரிந்தால் அது வேறு விஷயம். ஜெல்கோட் அதற்குள் பாய்ந்து ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும், கட்டாயம் மூட வேண்டும்.

கம்பவுண்ட் எது வாங்கலாம்?

சிலிகான் இல்லாதது. கார் அக்சஸரி கடையில் மினுமினுப்புக்காக விற்கும் பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும். அது பட்ட இடத்தில் பி.வி.ஏ.வோ (வேக்ஸுக்கு மேல் அடிக்கும், தண்ணீரில் கரையும் படலம்) ஜெல்கோட்டோ பரவாமல் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். துடைத்தாலும் லேசில் போகாது. பெயிண்ட் கடையில் பாடி ஷாப்புக்கு என்று விற்கும் ரப்பிங் கம்பவுண்டைக் கேட்டு, சிலிகான் இல்லை என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மெஷினில் பஃப் பிடிக்கும்போது ஓரிடத்திலேயே நிறுத்தாதீர்கள். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே கையாலேயே தேயுங்கள். பெயிண்ட் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்த்துவிட்டால் வேக்ஸ் போட்டுச் சமாளிக்க நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும், மறுபடி அந்த ஒரு வாரம் காத்திருக்கவும் வேண்டும்.

முடிந்ததும் கம்பவுண்டின் எண்ணெய்ப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். தின்னர் கூடாது. பனியன் வேஸ்ட் பஞ்சு உதிர்க்கும், மைக்ரோ ஃபைபர் துணியே நல்லது.

வேக்ஸ் எத்தனை கோட்?

புதுப் பேட்டர்னுக்குக் குறைந்தது 6 கோட். கார்னோபா கலந்த மோல்டு ரிலீஸ் வேக்ஸ் வாங்குங்கள். பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. சுமார் 82 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் மோல்டின் சூட்டைத் தாங்குகிறது.

கைக்குட்டை விரிக்கும் அளவு இடத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவி, மங்கலாகப் புகை படிந்த மாதிரி ஆனதும் சுத்தமான துணியால் துடைத்துப் பளபளப்பு ஏற்றுங்கள். அப்புறம் பக்கத்து இடம். மொத்தப் பேட்டர்னுக்கும் தடவிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் வேக்ஸ் கல்லாகிவிடும், துடைக்கவே வராது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி நேரம். வேக்ஸிலும் கரைப்பான் இருக்கிறது, அது போகாமல் அடுத்த கோட் போட்டால் புது வேக்ஸ் பழையதைக் கரைத்துவிடும், ஆறு கோட் போட்டும் ஒரு கோட்தான் மிஞ்சும். மூன்று கோட்டுக்குப் பிறகு ஓர் இரவு விட்டுவிட்டு மிச்சத்தைப் போடுவது நல்ல பழக்கம்.

மூலை முடுக்குகளில் வேக்ஸ் கட்டியாகத் தங்கும். அது அப்படியே மோல்டில் பதியும். ஐஸ்கிரீம் குச்சியில் துணியைச் சுற்றி எடுத்துவிடுங்கள்.

வேக்ஸ் போதாதா? பி.வி.ஏ. அவசியமா?

பெயிண்ட் அடித்த பேட்டர்னில் முதல் மோல்டு என்றால் அவசியம் என்பேன். அனுபவசாலிகள் சிலர் வேக்ஸ் மட்டும் போட்டு எடுக்கிறார்கள், பளபளப்பும் அதில் ஒரு படி கூடத்தான் கிடைக்கும். ஆனால் வேக்ஸ் ஒட்டாமல் தடுக்குமே தவிர ஸ்டைரீனை முழுசாகத் தடுக்காது. பி.வி.ஏ. தண்ணீரில் கரையும், ஸ்டைரீனில் கரையாது. ஒழுங்காக மூடிய ஒரு பி.வி.ஏ. படலம் பெயிண்டுக்கும் ஜெல்கோட்டுக்கும் நடுவே சுவராக நிற்கும். பளபளப்பில் கொஞ்சம் குறைந்தால் மோல்டைப் பாலிஷ் போட்டு மீட்டுக்கொள்ளலாம்.

ஸ்பாஞ்சில் தடவினால் கோடு விழும். சின்ன ஸ்ப்ரே கன்னில் முதலில் இரண்டு முறை பனித்தூவலாக அடித்து காயவிட்டு, மூன்றாவது முறை ஈரமாகப் பரவும்படி அடியுங்கள். வேக்ஸ் மேல் இழுத்துக்கொண்டு விலகாமல் இருக்க அந்த முதல் தூவல்தான் பிடிமானம். கம்ப்ரஸரில் தண்ணீர் வடிகட்டி இல்லாவிட்டால் பி.வி.ஏ.வில் பொட்டு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை மணியில் காய வேண்டியது இரண்டு மணி நேரம் இழுக்கும், அதுவரை ஜெல்கோட்டைத் தொடாதீர்கள். ஈர பி.வி.ஏ. மேல் ஜெல்கோட் ஒழுங்காக இறுகாது.

செமி பெர்மனென்ட் ரிலீஸ் போடலாமா?

ஒருமுறை போட்டால் பல பொருள் எடுக்கும் வரை நிற்கும் அந்த ரிலீஸ் திரவத்தை மோல்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கரைப்பான் புதுப் பெயிண்டைத் தாக்கலாம், அதன்மேல் பி.வி.ஏ.வும் நிற்காது. பேட்டர்னுக்கு வேக்ஸும் பி.வி.ஏ.வும்தான் பாதுகாப்பு.

எல்லாம் முடிந்தது. தயார்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேட்டர்னுக்குப் பெயிண்ட் அடிக்கும் அன்றே ஓர் அடிக்கு ஓர் அடி எம்.டி.எஃப். துண்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதே சீலர், அதே பிரைமர், அதே மிக்ஸிங்கில் பெயிண்ட், அதே நாளில் பாலிஷ், வேக்ஸ், பி.வி.ஏ. ஜெல்கோட் போட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் அந்தத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஜெல்கோட் போட்டு, இறுகியதும் ஒரு துண்டு மேட்டும் ரெசினும் வையுங்கள். மறுநாள் கிளப்பிப் பாருங்கள். டப்பென்று கழன்று, இரண்டு முகமும் பளபளப்பாக இருந்தால் தொடங்கலாம். பெயிண்ட் மங்கியிருந்தாலோ வாசனை அடித்தாலோ இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். கெட்டது ஒரு பலகைத் துண்டுதான். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்ட ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் பாழாவது அபூர்வம்.

வேக்ஸ் எல்லா இடத்திலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க மாஸ்கிங் டேப் போதும், ஆனால் பி.வி.ஏ. அடிப்பதற்கு முன் செய்ய வேண்டும். ஒட்டி இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் வர வேண்டும். பிடித்து இழுக்கும் இடத்தில் இன்னும் இரண்டு கோட்.

ஜெல்கோட் போடும் நாளில் எதைக் கவனிப்பது?

பேட்டர்ன் வெள்ளை என்றால் கறுப்பு ஜெல்கோட், பேட்டர்ன் கறுப்பு என்றால் பச்சையோ ஆரஞ்சோ. மெல்லிசாக விழுந்த இடம் அப்போதுதான் தெரியும். கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதத்துக்குள் எடை போட்டுக் கலக்குங்கள். வெயில் நாளில் குறைக்கலாம், ஆனால் 1-க்குக் கீழே போகக் கூடாது. மெதுவாக இறுகும் ஜெல்கோட் அவ்வளவு நேரமும் ஸ்டைரீனைப் பெயிண்டின் மேல் வைத்திருக்கிறது என்பதையும் யோசியுங்கள். இரண்டு கோட்டாக மொத்தம் 0.5 முதல் 0.8 மி.மீ. கனம் வர வேண்டும்.

விரலில் தொட்டால் பிசுபிசுக்கணும், நிறம் விரலுக்கு வரக் கூடாது. அந்தப் பதத்தில் சதுர மீட்டருக்கு 225 அல்லது 300 கிராம் எடையுள்ள மேட் ஒரே ஒரு அடுக்கு. அதை இறுகவிட்டு மறுநாள்தான் மற்றவை. ஒரே மூச்சில் நான்கைந்து அடுக்கு ஏற்றினால் கிளம்பும் சூடு ஒரு வாரம் காயவைத்த பெயிண்டையும் இளக்கிவிடும்.

சுருக்கம் விழுந்துவிட்டது. பெயிண்ட் குற்றமா, ஜெல்கோட் குற்றமா?

பேட்டர்னைப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கி அதன் அச்சு மோல்டில் இருந்தால் பெயிண்ட் குற்றம், அதாவது ஸ்டைரீன் புகுந்துவிட்டது. பேட்டர்ன் பளபளப்பாக அப்படியே இருந்து மோல்டு முகம் மட்டும் சுருங்கியிருந்தால் ஜெல்கோட் மெல்லிசாகப் போயிருக்கிறது, இல்லையென்றால் சரியாக இறுகுவதற்குள் மேட் போட்டிருக்கிறீர்கள். அடுத்து வந்த ரெசினின் ஸ்டைரீன் பின்பக்கமாக ஜெல்கோட்டை வீங்க வைத்திருக்கிறது. இது தெரியாமல் நிறையப் பேர் நல்ல பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கிறார்கள்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

2கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே பண்ணும்போது சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத் திணறும், அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கு எந்தப் பயனும் தராது. வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் இந்த ஒரு வேலையைப் பூத் வசதி உள்ள பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். மாணவர்களிடம் இதைக் கெஞ்சியே சொல்கிறேன்.

கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோபால்ட்டையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் திரவம்) கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட் முதலில் ரெசினில் முழுசாகக் கலந்தபின்தான் கேட்டலிஸ்ட். இரண்டு கேன்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

மோல்டை எப்போது, எப்படிப் பிரிப்பது?

கடைசி அடுக்கு போட்டு குறைந்தது ஒரு வாரம் பேட்டர்ன் மேலேயே விடுங்கள். பின்பக்கம் சட்டம் வைத்து ஒட்டும் வேலையும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழன்றபின் மோல்டு முறுக்கிக்கொள்ளும். விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, இடைவெளி கிடைத்ததும் தண்ணீரை ஊற்றுங்கள். பி.வி.ஏ. கரைந்து வழிவிடும். ஸ்குரூ டிரைவரை உள்ளே விடாதீர்கள், அதன் தடம் மோல்டில் நிலைத்துவிடும்.

சில இடங்களில் பெயிண்ட் மோல்டோடு ஒட்டி வந்துவிட்டது. மோல்டு போய்விட்டதா?

பெரும்பாலும் காப்பாற்றலாம். முதலில் மோல்டைத் தண்ணீரில் கழுவி பி.வி.ஏ.வை எடுத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் இறுகவிடுங்கள். ஒட்டிய பெயிண்டைப் பிளாஸ்டிக் தகட்டால் தள்ளிப் பாருங்கள், அடியில் ஜெல்கோட் பளபளப்பாக இருந்தால் பிரச்சினையே இல்லை. வராத இடத்தில் 800 நம்பரைக் கட்டையில் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 2000 வரை போய்க் கம்பவுண்ட் போடுங்கள். 0.8 மி.மீ. ஜெல்கோட் இருந்தால் இந்தத் தேய்ப்பைத் தாங்கும். அடியில் பைபர் இழை தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அதே ஜெல்கோட்டைப் பூசி, காற்றுப் படாமல் பாலியெஸ்டர் பிலிம் ஒட்டி இறுகவைத்து, மறுநாள் சமப்படுத்துங்கள். பேட்டர்னைத் தூக்கிப் போட வேண்டாம். பெயிண்ட் பிய்ந்த இடத்தை மட்டும் சீர்செய்தால் இரண்டாவது மோல்டு எடுக்க அது உதவும்.